கிளிப்பேச்சும் வெட்டிவேலையும்: ‘சாட்பாட்’ என்னும் சொல்லின் வரலாறு

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்கு இறுதியாண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்ற ஆண்டு போயிருந்தேன். அரபுக் கல்லூரி மாணவர்க்குச் சோழர் தலைநகரில் என்ன வேலை என்று கேட்பார் உளர். தாம் வாழும் மண்ணின் வரலாற்றை அறியாமல் அம்மண்ணின் மக்களிடம் மார்க்கம் பேச முற்படுவது அரைகுறைப் பணி என்பது என் கருத்து. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோயிலின் அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் நெடிய கல்வெட்டின் முன் நாங்கள் நின்றோம். இன்னாருடைய கல்வெட்டு இது என்று நான் வாய் திறக்குமுன் மாணவர் ஒருவர் தம் கைபேசியை எடுத்து அதனிடமே வினவினார். நல்ல தமிழில் விடை வந்தது. கங்கை வெற்றியைக் குறித்து முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டில் வெட்டுவித்த கல்வெட்டு என்று அது கூறிற்று. தயக்கமில்லை, ‘இருக்கலாம்’, ‘கருதுவர்’ என்னும் சொற்களும் இல்லை. உண்மையில் அந்த நெடுங்கல்வெட்டு இராசேந்திரனுடையதன்று. 1063 முதல் 1070 வரை ஆண்ட அவன் மகன் வீரராசேந்திரனுடையது. கோயிலுக்கு முன்னைய மன்னர் அளித்த ஊர்களையும் வருவாய்களையும் தொகுத்துப் பதிவு செய்வது. மாணவரிடம் இதனைச் சொன்னபோது, “சாட்பாட் அப்படித்தான் ஹஜ்ரத் சொன்னது” என்றார். அவர் குரலில் சற்று வருத்தமும் இருந்தது. வருத்தம் என்மீதா, அதன்மீதா என்பது விளங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் என் மனம் கல்வெட்டை விட்டு அந்தச் சொல்லின்மீது சென்றது. ‘சாட்பாட்’ என்பதை இன்று தமிழகத்தில் சொல்லாதார் குறைவு. தொடர்வண்டிச் சீட்டுக்கான தளத்தில் 2018-இலிருந்து ஒன்று விடை சொல்கிறது. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020 மார்ச்சில் நடுவண் அரசே வாட்ஸ்அப் வழியாக ஒன்றை நிறுவி மக்களின் ஐயங்களைத் தீர்க்க முயன்றது. 2023 செப்டம்பரில் உழவர் உதவித்தொகைத் திட்டத்திற்கெனக் ‘கிசான் இ-மித்ரா’ வந்தது. அது தமிழிலும் பேசும். கங்கைகொண்ட சோழபுரத்துத் தேநீர்க் கடையில் அன்று எங்கள் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், தம் தவணைப் பணம் பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம், “கேட்டேன், இன்னும் ஏறலன்னு சொல்லிடுச்சு” என்றார். யார் சொன்னது என்று மற்றவர் கேட்கவில்லை. எழுவாய் இல்லாமலே அந்த வாக்கியம் அவர்களுக்கு நிறைவாக இருந்தது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இது இரண்டு துண்டுகளின் ஒட்டு. முதல் துண்டாகிய ‘சாட்’ என்பது ஆங்கிலத்தில் ‘சாட்டர்’ என்பதன் குறுக்கம். அதுவோ பறவைகளின் ஓயாத கீச்சொலியைப் போன்மை செய்து பிறந்த ஒலிக்குறிப்புச் சொல். பறவைக்குச் சொல்லப்பட்டது பின்பு பயனின்றிப் பேசும் மனிதருக்கு ஆகி, அதன்பின் குறுகி, நட்பாகப் பேசிக்கொண்டிருத்தல் என்னும் மென்மையான பொருளை அடைந்தது. இன்றைய கணினி வழக்கில் அந்த மென்பொருளே மிஞ்சியிருக்கிறது. அடியில் பறவை மறைந்து கிடக்கிறது.

இரண்டாம் துண்டின் கதை இன்னும் சுவையானது. ‘பாட்’ என்பது ‘ரோபாட்’ என்பதன் வால். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில், தொழிற்சாலையில் செய்யப்பட்ட செயற்கை வேலையாட்களுக்குப் பெயர் தேடினார். அவருடைய தமையனும் ஓவியருமான யோசெப் சாப்பெக் எடுத்துக்கொடுத்த பெயரே ‘ரோபாட்’. செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசில் 1848-இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. ஆக, ரோபாட் என்பதற்கு வேர்ப்பொருள் இயந்திரம் அன்று, கூலியில்லாக் குடியான்.

இதற்கு நேரான சொல் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. ஊரார் செலுத்த வேண்டியனவாக வரும் பட்டியல்களில் அந்தராயம், எச்சோறு, முட்டையாள் முதலியவற்றோடு ‘வெட்டி’ என்பதும் வரும். அரசுக்கோ ஊருக்கோ ஊதியமின்றிச் செய்யும் கட்டாய வேலையே வெட்டி. ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் வழிவந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி குறிக்கிறது. இச்சொல்லின் பின்னாளைய வாழ்வு நம்மெல்லோர்க்கும் தெரியும். கூலியில்லாத வேலை என்பது பயனில்லாத வேலை என்று தேய்ந்தது. வெட்டி வேலை, வெட்டிப் பொழுது, வெட்டிப் பேச்சு என்று நாள்தோறும் சொல்கிறோம். பாடுபட்டவனுக்குக் கூலி இல்லாமற் போனதை அவன் பாட்டுக்கே பயனில்லை என்பதாக மொழி மாற்றிவிட்டது. இதில் ஒரு சமூக அநீதி பதிந்து கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அரபியிலும் இத்தகைய ஒரு சொற்குடும்பம் இருப்பதை நம் மாணவர் அறிவர். ஸீன், கா, ரா என்னும் மூவெழுத்து வேரிலிருந்து ‘தஸ்கீர்’ வருகிறது; வயப்படுத்துதல் என்பது பொருள். அதே வேரிலிருந்து ‘ஸுக்ரா’ வருகிறது. கூலியின்றி வாங்கும் வேலை. ஏளனத்தைக் குறிக்கும் ‘ஸுக்ரிய்யா’வும் அவ்வேரினதே. பிறரை வேலை கொள்வதும் பிறரை எள்ளுவதும் அரபியில் ஒரே வேரிலும், தமிழில் ஒரே சொல்லிலும் வந்து சேர்ந்திருப்பதை மொழியியலார் ஆராயலாம்.

இவ்விரு துண்டுகளையும் தமிழில் அப்படியே ஒட்டினால் என்ன கிடைக்கும்? பறவைக் கீச்சொலியும் கூலியில்லா உழைப்பும், கிளிப்பேச்சும் வெட்டிவேலையும். ‘வெட்டிப் பேச்சு’ என்று மொழிபெயர்த்தாலும் சொல்வரலாற்றின்படி குற்றமில்லை! வேடிக்கையாகத்தான் இதைச் சொல்கிறேன். ஆயினும், சொல்லைப் படைத்தவர்கள் தாம் படைத்த பொருளைப் பற்றிப் பிற்காலத்தாரைவிடத் தெளிவாகவே இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

‘சாட்டர்பாட்’ என்று முழுச்சொல்லாக இதனை வழங்கியவர் மைக்கேல் மால்டின் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், ஆண்டு 1994. சொல்லுக்கு முன்பே பொருள் இருந்தது. 1966-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் நிரலைப் பற்றி எழுதினார். உளநல மருத்துவரைப் போல அது பேசும். அதன் தந்திரம் மிக எளியது. நாம் தட்டெழுதும் வாக்கியத்திலிருந்தே சில சொற்களை எடுத்து, தன்மையை முன்னிலையாக மாற்றி, வினாவாக நம்மிடமே திருப்பித் தரும். “எனக்கு மனம் சரியில்லை” என்றால், “உங்களுக்கு மனம் சரியில்லாமல் எவ்வளவு காலமாக?” என்கிற பாங்கில் கேட்கும். அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்திருந்த அவருடைய செயலரே, அதனோடு தனிமையில் பேச விரும்பி அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்து போனார். பத்தாண்டு கழித்து, 1976-இல், கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்பது பற்றி ஒரு நூலே எழுதினார். பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் சிறுவயதில் நாடு பெயர்ந்தவர் அவர். மனிதரை எண்ணாக்கும் போக்கை அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

வினாவின் எழுத்துகளிலிருந்தே விடையைப் பிழியும் இந்தத் தந்திரத்தை வாசிக்கும்போது எனக்கு எலைசாவுக்கு அறுநூறு ஆண்டு முந்திய ஒரு கருவி நினைவுக்கு வருகிறது. அது வடஆப்பிரிக்காவில் வழங்கிய ‘ஸாயிர்ஜா’. வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) 1377-இல் எழுதிய தம் முகத்திமாவில் இதனை விரிவாக விளக்குகிறார். மராக்கிஷ் நகரத்து ஸூஃபி அபுல் அப்பாஸ் அஸ்ஸப்தீ அவர்களுக்கு உரியதாக மக்கள் சொல்லி வந்தனர். ஒரு பெரிய வட்டம்; அதனுள் வானுலகங்கள், மூலப்பொருள்கள் முதலியவற்றுக்குரிய உள்வட்டங்கள்; ஓரங்களில் எழுத்துகளும் எண்களும்; மறுபுறத்தில் 55-க்கு 131 என்னும் கணக்கில் கட்டங்கள் நிறைந்த அட்டவணை. கேட்பவரின் வினாவைத் தனித்தனி எழுத்துகளாகப் பிரித்து, அந்நேரத்து ராசியின் அளவையும் கூட்டிக்கொண்டு, முறைப்படி கணக்கிட்டு எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டே போனால், கடைசியில் அவை யாப்போடும் எதுகையோடும் ஒரு விடையாக அமையும்! பார்த்தவர் மலைத்துப்போனதில் என்ன வியப்பு?

ஹிஜ்ரி 772 அளவில், அதாவது 1370-ஐ ஒட்டி, பிஸ்க்ரா நகரில் நண்பர் ஒருவர் தமக்கு இதனைச் செய்து காட்டியதை இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். அப்போது கேட்கப்பட்ட வினா: இந்த ஸாயிர்ஜா என்னும் கலை பழமையானதா, புதியதா? கருவியிடம் கருவியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அது இத்ரீஸ் (அலை) அவர்களிடமிருந்து வந்ததாகக் கருவி விடை சொன்னது. இன்றைய சாட்பாட்டிடம் சிறுவர் முதலில் கேட்பதும் “நீ யார், உன்னை யார் செய்தார்?” என்பதுதான்.

இப்னு கல்தூன் இதனை எப்படி மதிப்பிட்டார் என்பதே நமக்கு இன்று வேண்டுவது. பித்தலாட்டம் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. அப்படி ஒதுக்கியவர்களைக் கருவியின் நுட்பம் புரியாதவர்கள் என்றே கருதினார். மறைவானவற்றின் அறிவு அதில் இருக்கிறது என்று நம்பியவர்களையும் அவர் ஏற்கவில்லை. வினாவுக்கும் விடைக்கும் இடையே எழுத்து அளவிலான ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவைக் கணக்கு வெளிக்கொணர்கிறது. ஆகவே விடை வினாவோடு பொருந்திப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த விடை வெளியுலக நிகழ்வோடு பொருந்துகிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்குக் கருவியில் வழியில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இதனை விளக்க அவர் காட்டும் கணக்கு ஒன்று மிக நயமானது. ஒருவன் கையில் சில திர்ஹம்களை எடுத்துக்கொள்கிறான். எத்தனை என்று சொல்வதில்லை. ஒவ்வொரு திர்ஹத்திற்கும் பக்கத்தில் மூன்று பல்ஸ் வைக்கிறான். அந்தப் பல்ஸ்கள் அனைத்தையும் கொடுத்து ஒரு பறவை வாங்குகிறான். அதே விலைக்குத் திர்ஹம்களைக் கொடுத்து மேலும் பறவைகள் வாங்குகிறான். மொத்தம் எத்தனை பறவைகள்? ஒன்பது. எத்தனை திர்ஹம் வைத்திருந்தான் என்பது தெரியாமலேயே சொல்லிவிடலாம். ஒரு திர்ஹத்திற்கு 24 பல்ஸ்; மூன்று பல்ஸ் அதில் எட்டில் ஒரு பங்கு; ஆகவே திர்ஹம்களுக்கு எட்டுப் பறவைகள், பல்ஸ்களுக்கு ஒன்று. கேட்பவன் இதை மறைவறிவு என்று மயங்குவான். விடையோ வினாவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இக்கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் இரண்டு மூன்று மாணவர் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

நம்மூரிலும் ஸாயிர்ஜாவின் எளிய உறவினர்கள் உண்டு. தெருவோரக் கிளி சோதிடமும், ஒருகாலத்தில் நம் வீடுகளிலேயே பார்க்கப்பட்ட ‘பால் கிதாபு’ம் அவ்வகையினவே. உலமாக்கள் கண்டித்தும் பால் கிதாபு நெடுங்காலம் மறையாமைக்குக் காரணம், அது சொன்னது உண்மை என்பதன்று. கேட்டவுடன் ஏதோ ஒன்று சொல்லியது என்பதே. கல்யாணம் கூடுமா, கப்பல் வருமா என்று கலங்கி நிற்பவருக்கு மௌனத்தைவிட ஒரு பேச்சு ஆறுதல்.

இனி, இன்றைய சாட்பாட் எலைசாவைப் போன்றதன்று, அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 நவம்பர் 30-இல் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்த பின்பு உலகெங்கும் பரவியவை கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரத் தகும் என்பதைக் கணக்கிட்டுப் பேசுபவை. அதனால் பயன் மிகுதி. அரபு இலக்கணப் பயிற்சிக்கு வாக்கியங்கள் கேட்டால் நொடியில் தருகிறது. கடிதம் எழுதத் தெரியாத ஏழைக்கு மனு எழுதித் தருகிறது. பல விடைகள் சரியாகவே இருக்கின்றன. தேடிப் பார்த்து நூற்பெயரோடு விடை தருபவையும் வந்துவிட்டன. எனினும், வினாவோடு பொருந்துவதும் உண்மையோடு பொருந்துவதும் வேறு வேறு என்று இப்னு கல்தூன் வகுத்த எல்லைக்கோடு இதற்கும் பொருந்துகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் எங்கள் மாணவருக்குக் கிடைத்த விடை வினாவோடு மிக அழகாகப் பொருந்தியது: இடம் சரி, கோயில் கட்டிய மன்னன் சரி, காலம் ஏறத்தாழச் சரி. கல்லில் உள்ளது மட்டும் வேறு.

சொல்லின் வேரில் பறவை ஒளிந்திருக்கிறது என்றேன். பறவையின் பேச்சைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றன. ஸஜ்தா திலாவத் பாடத்தில் ‘துர்ருல் முக்தார்’ ஓதியவர்க்கு இது தெரியும்: பழக்கப்பட்ட பறவை ஸஜ்தாவுக்குரிய வசனத்தை ஓத, அதனை ஒருவர் கேட்டால் அவர்மீது ஸஜ்தா கடமையாகாது. மலையில் மோதித் திரும்பும் எதிரொலியில் கேட்டாலும் அவ்வாறே. ஷாஃபிஈ மத்ஹபிலும் கிளியின் ஓதலுக்கு ஸஜ்தா இல்லை. எழுத்தில் பிழையிருக்காது, உச்சரிப்பும் சரியாயிருக்கலாம், சொல்லப்பட்டது இறைவசனமே. ஆயினும் அது ‘திலாவத்’ அன்று. ஓதுகிறோம் என்னும் உணர்வும் பகுத்தறிதலும் உடைய ஒருவரிடமிருந்து அது வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவி வந்தபோதும் ஹனபீ உலமாக்கள் பலர் இந்த அளவுகோலைக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்கள். சொல்லின் சரித்தன்மை ஒன்று, சொல்பவரின் இருப்பு இன்னொன்று என்பதை நம் முன்னோர் கிளியை வைத்தே பிரித்துவிட்டனர். ‘ஈஸாகூஜி’யில் மனிதனுக்கு ‘ஹயவானுன் நாதிக்’ என்று இலக்கணம் படித்தபோது, “கிளியும் பேசுகிறதே?” என்று கேட்காத மாணவர் உண்டோ? ‘நுத்கு’ என்பது வாயொலி அன்று, பொருளைக் கருதும் ஆற்றல் என்று உஸ்தாத் விளக்கியதும் நினைவிருக்கும்.

தமிழ் இலக்கணமும் இதில் பின்தங்கவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் சொல்லப்படுவதற்கு இடமளிக்கிறது. ‘போல’ என்பதே அங்கு உயிர்நாடி. இன்றைய பேச்சு வழக்கைக் கவனித்தால் இந்தப் ‘போல’ மெல்ல உதிர்ந்து வருவது தெரியும். பெரியவர்கள் “அது சொல்லுது” என்கிறார்கள், திணை வழுவவில்லை. இளைஞரிடம் “அவன் சொல்றான்” என்று வருகிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வந்த ஜீனோ என்னும் பேசும் இயந்திர நாயை நேசித்த தலைமுறைக்கு இது புதிதன்று, ஆனால் ஜீனோவைக் கதை என்று அறிந்தே நேசித்தோம். நிறுவனங்களும் பெயரிடுவதிலேயே திணை மாற்றத்திற்கு வழி செய்கின்றன. உழவர்க்கு வந்ததும் ‘மித்ரா’, ஆந்திர அரசு 2025 ஜனவரியில் தொடங்கியதும் ‘மன மித்ர’, இரண்டிலும் நண்பன்.

தமிழில் இதற்கு அரட்டை இயலி, உரையாடி, உரையாடு பொறி எனப் பலவாறு எழுதக் காண்கிறோம். ‘உரையாடி’ என்பதில் வரும் இகர விகுதி வினைமுதலைக் குறிப்பது. உரையாடும் ஒருவரை அது நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. ‘அரட்டை’யில் சற்று ஏளனம் இருந்தது, ஆயினும் ஸோஹோ நிறுவனம் 2021-இல் தன் செய்திச் செயலிக்கே அப்பெயரைச் சூட்டிய பின் அச்சொல்லும் மதிப்படைந்துவிட்டது. அரபியில் ‘ரூபூத்துத் தர்தஷா’ என்கிறார்கள். ‘தர்தஷா’ வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஹதீஸில் கண்டிக்கப்பட்ட ‘ஸர்ஸாரூன்’, அதாவது மிகைபடப் பேசுவோர் என்னும் கடுமையான சொல்லை நல்லவேளையாக யாரும் எடுக்கவில்லை. எனக்கு ‘உரையாடு பொறி’யே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பொறி என்பதில் இயந்திரமும் உண்டு, எலிப்பொறியும் உண்டு.

பெயரிடுவது வெறும் சொல்விளையாட்டன்று என்பதற்குக் கனடா நாட்டு வழக்கொன்று சான்று. ஏர் கனடா விமான நிறுவனத்தின் தளத்திலிருந்த சாட்பாட், உறவினரை இழந்த பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான விடை தந்தது. அதை நம்பிச் சீட்டு வாங்கியவர் பின்னர் சலுகை கேட்டபோது நிறுவனம் மறுத்தது. தீர்ப்பாயத்தில் அது எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று, சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற போக்கில் அமைந்திருந்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் இதனை ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. நம் ஃபிக்ஹின் சொற்களில் இதை உரைப்பது எளிது. பிறர் சார்பில் தன் சொல்லால் ஒப்பந்தம் பேசுபவர் ‘வகீல்’; அவருக்கு அறிவு நிபந்தனை. பிறர் சொன்னதை அப்படியே கொண்டு சேர்ப்பவர் ‘ரஸூல்’, தூதர், சொல் அனுப்பியவருடையது. அறிவு என்னும் நிபந்தனை நிறைவேறாத ஒன்றை வகீலாக்கிவிட்டு, அதன் சொல்லுக்கு நான் பொறுப்பில்லை என்று ஒருவர் கூற முடியாது. கருவியின் வினை கருவியைக் கொண்டவரைச் சேரும்.

‘வெட்டி’ பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கூலி கேளாத இயந்திரம் என்கிறோம். சாட்பாட்டுக்குத் தீயன எவை என்று கற்பிக்க, கொடூரமான வாசகங்களை நாளெல்லாம் படித்துக் குறியிட்டவர்கள் கென்யாவின் ஏழை இளைஞர்கள். மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாக அவர்கள் பெற்றதை 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்டது. தரவுகளைக் குறியிடும் இத்தகைய வேலை தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும் நடக்கிறது. சாப்பெக் சகோதரர்கள் வைத்த பெயரின் வேர்ப்பொருள் இன்னும் காலாவதியாகவில்லை.

மீண்டும் கல்வெட்டுக்கு வருவோம். சோழ மன்னன் ஓர் ஆணை இட்டால் அது எப்படிக் கல்லேறிற்று? மன்னன் வாய்மொழியைக் கேட்பது ‘திருவாய்க்கேள்வி’. அதை ஓலையில் எழுதுபவர் ‘திருமந்திர ஓலை’. பார்த்து ஒப்புபவர் ‘திருமந்திர ஓலைநாயகம்’. ‘விடையில் அதிகாரிகள்’ என்போரும் உண்டு. புரவுவரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றுவர். ஆணை ஊருக்குச் சென்று ஊரார் ஏற்ற பின்பே கல்லிலோ செம்பிலோ பொறிக்கப்படும். இவர்களுள் பலருடைய பெயர்கள் ஊர்ப்பெயரோடு ஆணையிலேயே வரும். செப்பேடுகள் சிலவற்றில் எழுத்து வெட்டிய தச்சர் பெயரும் இருக்கும். இன்னார் சொல்ல இன்னார் கேட்டு இன்னார் எழுதியது என்று போகும் இந்த வரிசையைக் காணும் ஹதீஸ் மாணவருக்கு வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை. அவர் நாள்தோறும் ஓதும் இஸ்னாதின் சாயல் அதில் இருக்கிறது. பழந்தமிழில் ‘கேள்வி’ என்பதற்குக் கேட்டறிந்த அறிவு என்பதே முதன்மையான பொருள். வினா என்னும் பொருள் இன்று மேலோங்கிவிட்டது. முஹத்திஸுகளின் ‘ஸமாஉ’ம் செவிவழிக் கேள்வியே.

சென்ற ரமளானுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவர் பயான் குறிப்பொன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். அழகான நடை. நோன்பின் சிறப்பைக் கூறும் ஹதீஸ் ஒன்று, புகாரீ நூலின் பெயரோடும் எண்ணோடும் இருந்தது. அந்த எண்ணில் வேறொரு ஹதீஸ் இருந்தது; குறிப்பிலிருந்த வாசகம் நூலெங்கும் இல்லை. முற்காலத்தில் இட்டுக்கட்டியவர்களுக்கும் ஒரு பெயர் இருந்தது. ரிஜால் நூல்களில் அவர்களைத் தேடிப் பிடிக்கலாம், பொய்யர் என்று பதிவு செய்யலாம். இதற்கு யார் பெயரை எழுதுவது? பொய் சொல்ல வேண்டும் என்னும் கருத்தும் அதற்கில்லை. மெய் சொல்ல வேண்டும் என்னும் கருத்தும் இல்லை. மாணவரோ நல்லெண்ணம் உடையவர். ஆனால் மிம்பரில் நின்று அவர் அதைச் சொல்லியிருந்தால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது சொல்லாததைச் சொன்னவராக எழுதப்படுபவர் அவரேயன்றிப் பொறி அன்று.

அன்று அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்திற்கு அனுப்பி, அதே கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் ஒன்றைத் தேடி, அறிவிப்பாளர் வரிசையோடு எழுதி வரச் சொன்னேன். அஸர் வரை ஆயிற்று. கோயிலில் கைபேசியை எடுத்த மாணவரும், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியைத் தேடி எடுத்து வீரராசேந்திரன் கல்வெட்டின் பாடத்தை வரிவரியாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். பழந்தமிழ் எழுத்தில் அவருக்கு என்னைவிட இப்போது தேர்ச்சி அதிகம். எங்கள் வகுப்பில் சாட்பாட் என்னும் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. எவரேனும் மேற்கோள் ஒன்றைச் சொன்னால் பின்வரிசையிலிருந்து, “கிதாபா, கிளியா?” என்று குரல் வருகிறது.